அப்பா அம்மாவோடு அடுத்த நாட்டுக்கு



வெளிநாடு என்றதும் சிலர் சிரிப்பார்கள். "சம்பாதிக்கப் போகலாம். சுற்றிப் பார்க்கப் போவதா? அதுவும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டா?" என்று கேட்பார்கள். போகலாம். கொஞ்சம் யோசித்துத் திட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

மறையூரில் ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் கற்பனை. ஆனால் வழியும் ஊர்களும் விதிகளும் உண்மை.

அப்பாவுக்கு வயது 71. கொஞ்சம் கரும்புக்காடு இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கரும்பு வெட்டி, சாறு காய்ச்சி, உருண்டை வெல்லம் பிடித்த கை. அந்த மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாவுக்கு வயது 66. முழங்கால் வலி உண்டு. 1991-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்களே, அந்தக் காலத்தில் இரவு வகுப்பில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தவர். இன்றும் பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் ஏறுவார். மகள் வெளியூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நீண்ட விடுமுறை.

அடுத்த விடுமுறை வரும்போது அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியாது. அதனால் இந்த விடுமுறையிலேயே போய்வர வேண்டும் என்று மகள் முடிவு செய்தாள்.

முதலில் அவள் ஒரு தவறு செய்தாள். நல்ல மனதோடு செய்த தவறுதான். ஒரு ஏஜென்டிடம் போய் வண்ணத்தாள் ஒன்றை வாங்கி வந்தாள். ஐந்து நாளில் பதினோரு இடம். தினமும் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊர். மலைமேல் தேயிலைத் தோட்டம் பார்ப்பதும் அதில் இருந்தது.

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பாப்பா, தேயிலையப் பாக்கறதுக்கு மூணாறு பஸ்ஸுல ஏறுனாப் போதாதா?" என்றார்.

அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "எனக்கு எதுக்குக் கண்ணு இதெல்லாம்? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறீர்களா? எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இதைச் சொல்வார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே வேறு ஏதோ இருக்கும். மகள் நர்ஸ் அல்லவா? விசாரிக்கத் தெரியும். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து கேட்டாள். "எதுக்கும்மா பயப்படறீங்க?"

அப்போதுதான் வெளியே வந்தது. அம்மாவுக்குப் படி ஏற முடியாது. பிள்ளைகளுக்குப் பாரமாகி நடுவழியில் நின்றுவிடுவோமோ என்ற பயம். அப்பாவுக்கு வேறு சிக்கல். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கம். அதனால் பஸ் ஏறும் நாளில் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. உடுமலைப்பேட்டைக்குப் போய்வரும் நாளிலும் அப்படித்தான். நாற்பது வருடம் கூடக் குடித்தனம் செய்த அம்மாவுக்கு இது தெரியும். மகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. வயதானவர்கள் தண்ணீரைக் குறைத்தால் தலை சுற்றும். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். மலச்சிக்கல் வரும். சிறுநீரில் கிருமி சேரும். வெயிலில் மயங்கி விழுந்தவர் பலர். ஆகவே பயணத் திட்டத்தில் முதல் வரி கழிப்பறையாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும் என்று முன்னாலேயே பேசி வைக்க வேண்டும். அப்பா கேட்டு நிறுத்தக் கூடாது. தானாகவே நிற்க வேண்டும். அப்போது அவருக்கும் மானக்கேடு இல்லை.

சரி, எந்த நாட்டுக்குப் போவது? மகள் மனதில் சிங்கப்பூர் இருந்தது. அதுவும் நல்ல யோசனைதான். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் யாரும் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டதும் அவர் சொன்னார்:

"சின்ன வயசுல ராத்திரி ரேடியோவுல கேட்ட ஊரு ஒண்ணு இருக்கு. கொழும்பு. அந்த ரேடியோ டேசன வெளியில இருந்தாவது ஒரு தடவ பாக்கணும்."

வயதில் பெரியவர்களுக்கு இது புரியும். மலையூர்களிலும் கிராமங்களிலும் ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புதான் உலகம். சினிமாப் பாட்டும் அறிவிப்பாளர்களின் அழகுத் தமிழும் கடலைத் தாண்டி வந்தன. அப்துல் ஹமீதின் குரலை முகம் பார்க்காமலே லட்சம் பேர் அறிந்திருந்தார்கள். அப்பாவின் ஆசை அங்கே இருந்தது. வண்ணத்தாளில் அந்த இடம் இல்லவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் வயதானவர்களுக்கு இலங்கை பல வகையில் வசதி. கொச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம், சற்று முன்பின் ஆகலாம், கொழும்பு வந்துவிடும். உடுமலைப்பேட்டை பஸ்ஸில் போகிற நேரம்கூட ஆகாது. மதுரை, திருச்சி, சென்னையிலிருந்தும் விமானங்கள் உண்டு. கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். இந்தியாவில் மணி எட்டு என்றால் அங்கும் எட்டு. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வழக்கமான நேரத்துக்கே போடலாம். சாப்பாடும் பழகியதுதான். இடியாப்பம், புட்டு, ஆப்பம், சொதி. பல் இல்லாதவரும் சாப்பிடலாம். காரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். சைவக்கடை என்று பலகை இருந்தால் அது மரக்கறிச் சாப்பாட்டுக் கடை.

முதல் வேலை பாஸ்போர்ட். இதை நான்கு மாதம் முன்னாலேயே தொடங்குவது நல்லது. ஏன்? வயதானவர்களின் பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, வாக்காளர் அட்டையில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு. பிறந்த தேதியும் மாறியிருக்கும். முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். பிறகுதான் விண்ணப்பம். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். கேரளத்தில் அக்‌ஷயா மையத்தில் நிரப்பித் தருவார்கள். நிரப்பியதும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயது கடந்தவர் புதிதாக எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. "பத்தாம் வகுப்புப் படிக்காதவருக்குத் தனி முத்திரை வேண்டும், அதற்குத் தனிப் பணம்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அந்த முத்திரை சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. 50 வயது தாண்டியவர்களுக்கு அது கிடையாது.

பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் இலங்கைக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். அதையும் இணையத்தில், அந்நாட்டு அரசின் தளத்திலேயே வாங்கலாம். அதைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. அவை கூடுதல் பணம் கறக்கும். கட்டணம் அவ்வப்போது மாறும், புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது டாக்டர். ஒரு மாதம் முன்னால் போனார்கள். பிரஷர், சர்க்கரை பார்த்தார்கள். அப்பாவின் சிறுநீர்த் தொல்லைக்கும் அன்றுதான் முதன்முதலாக மருந்து கிடைத்தது. பயணத்தால் வந்த நன்மை அது! அம்மாவுக்கு டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். தினமும் சாயங்காலம் மெதுவாகக் கால் மணி நேரம் நடை. கையில் ஒரு ஊன்றுகோல். அம்மா முதலில் மாட்டேன் என்றார். "கோலை ஊனுனாக் கெழவின்னு சொல்லுவாங்க." பிறகு பழகிவிட்டது.

மருந்தை எப்படிக் கொண்டுபோவது? எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. பெட்டி தவறினால் மருந்தும் போய்விடும். இன்சுலின் பெட்டியில் போனால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். பயண நாளைவிட ஐந்து நாளைக்குக் கூடுதலாக மருந்து வேண்டும். டாக்டர் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். அதில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். உள்ளிருக்கும் மருந்து மாறாது.

பயணக் காப்பீடும் எடுத்தார்கள். இதில் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே உள்ள நோயை மறைத்துக் காப்பீடு எடுத்தால், ஆபத்து வரும்போது பணம் தர மறுப்பார்கள். சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்றே எழுத வேண்டும். சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

விமானச் சீட்டு எடுக்கும்போதே இரண்டு சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தாள் மகள். அப்பாவுக்குக் கோபம். "எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு?" விமான நிலையத்தில் நடை நீளம், வரிசையும் நீளம். நடக்க முடிந்தவரும் களைத்துவிடுவார். கடைசியில் ஒரு நாற்காலி அம்மாவுக்கு மட்டும் என்று முடிவானது. அப்பா பக்கத்தில் நடந்தார். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

இனி வழி. பழைய தாளைக் கிழித்துப் போட்டார்கள். பதினோரு இடம் நான்கானது. ஐந்து நாள் எட்டானது. தங்கும் ஊர் இரண்டே இரண்டு. தினமும் பெட்டி கட்டுவதுதான் வயதானவர்களை அதிகம் களைக்க வைக்கிறது. இந்த ஒன்றை மாற்றினாலே பாதிப் பயணம் சுகமாகிவிடும்.

சிகிரியாப் பாறையை விட்டுவிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற இடம்தான். ஆனால் உச்சிக்குப் போகச் சுமார் 1,200 படி. அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாமே என்று கேட்கலாம். அது அம்மாவின் பயணம் ஆகாது. நுவரெலியாவையும் விட்டார்கள். குளிரும் தேயிலையும் மறையூர்க்காரருக்குப் புதிதா?

கொச்சி விமான நிலையத்துக்கு மறையூரிலிருந்து மூணாறு வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர், பெரும்பாலும் மலைச்சாலை. படையப்பா என்று ஊரார் பெயர் வைத்த கொம்பன் யானை சாலையில் வந்து நின்றால் நேரமும் நின்றுவிடும். விமானம் காத்திருக்காது. அதனால் முதல் நாளே இறங்கி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிட்டார்கள்.

கொழும்பு விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில். கொழும்பு நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். பக்கத்தில் நீர்கொழும்பு என்ற கடற்கரை ஊர். முதல் இரண்டு இரவு அங்கே. அறை கீழ்த்தளத்தில் வேண்டும், கழிப்பறையில் நாற்காலி போல உட்காரும் வசதி வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தார்கள். குந்தி உட்கார முடியாத அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. புது இடத்தில் இரவில் எழுந்து தடுக்கி விழுவார்கள். அதனால் குளியலறை விளக்கை அணைக்கவில்லை.

விமான நிலையத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இறங்கியதும் எங்கு பார்த்தாலும் பலகை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்க ஆரம்பித்துவிட்டார். "கு...டி...வ...ர...வு. குடிவரவு. அப்படின்னா என்ன கண்ணு?" நாட்டுக்குள் வருகிறவர்களைச் சோதித்து முத்திரை குத்தும் இடம் அது.

இலங்கைத் தமிழில் சில சொற்கள் வேறு. போகிறவர்கள் இவற்றைத் தெரிந்துகொண்டால் நல்லது. மருத்துவமனையை வைத்தியசாலை என்பார்கள். ரயில் நிலையம் என்பது புகையிரத நிலையம். பஸ் நிற்கும் இடம் தரிப்பிடம். கழிப்பறைக்கு மலசலகூடம் என்று எழுதியிருக்கும். அப்பாவுக்கு இந்த ஒரு சொல்லை அம்மா மனப்பாடம் செய்து கொடுத்தார்! பேசுவது என்பதைக் கதைப்பது என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கார் ஓட்டுநர் கிடைத்தால் "ஆறுதலா வாங்கோ" என்பார். யாருக்கும் துக்கம் இல்லையே, எதற்கு ஆறுதல் என்று திகைக்க வேண்டாம். அவசரமில்லாமல் மெதுவாக வாருங்கள் என்று பொருள். எல்லா ஊரிலும் எல்லோரும் தமிழ் பேச மாட்டார்கள். ஆகவே தமிழ் தெரிந்த ஓட்டுநர் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவசரத்துக்கு அங்கே 1990 என்ற எண். கூப்பிட்டால் இலவச ஆம்புலன்ஸ் வரும். இந்திய அரசின் உதவியோடு 2016-இல் தொடங்கிய சேவை அது. மகள் அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்தாள். தங்கும் விடுதியின் பெயர், தன் போன் எண், அப்பா சாப்பிடும் மருந்து எல்லாம் அதில் இருந்தது. அம்மா அதே போல இன்னொன்றைத் தன் கையாலேயே எழுதி, சுருக்குப்பையில் முடிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் கண்டி. சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவு அதிகம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இவர்கள் நிறுத்தி நிறுத்திப் போனதால் ஐந்து மணி நேரம் ஆனது. ஆகட்டுமே.

பேராதனைப் பூங்காவில் ஒரு காலைப் பொழுது முழுக்க இருந்தார்கள். மகாவலி ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் இடம். பெரும்பாலும் சமதளம். மரத்தடி, பெஞ்சு, நிழல். விவசாயிக்கு இதைவிட நல்ல இடம் எது? அப்பா ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார். மதியம் தூக்கம். சாயங்காலம் கண்டி ஏரிக்கரை. அந்த ஏரியை வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர். நாயக்கர் வழி வந்தவர். 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, மறுவருடம் வேலூருக்குக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1832-இல் வேலூரிலேயே இறந்தார். அப்பா ஏரிக்கரைக் கட்டையில் உட்கார்ந்து இந்தக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

தலதா மாளிகை என்பது புத்தரின் பல்லை வைத்துப் போற்றும் கோயில். பூசை நேரத்தில் கூட்டம் நெருக்கும். வயதானவர்கள் அந்த நேரத்தைத் தவிர்க்கலாம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும், வெயில் ஏறிய தரை சுடும். ஒரு ஜோடி காலுறை கையில் இருந்தால் போதும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மேற்குக் கரைக்கும் கண்டிக்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அந்த நாட்டைக் கடுமையாகத் தாக்கியது. கண்டிப் பக்கம் மண்சரிவில் பலர் இறந்தார்கள். மலை ரயில் பாதையும் சேதமானது. எனவே புறப்படுமுன் எந்தச் சாலை, எந்த ரயில் நன்றாக இருக்கிறது என்று விடுதிக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாம் நாள் நீர்கொழும்புக்கே திரும்பினார்கள். அன்று வேறு வேலை வைக்கவில்லை. அம்மா கடற்கரையில் மணலைக் கையால் அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம் என்ற பழைய சிவன் கோயில் இருக்கிறது. போகலாமா என்று மகள் கேட்டாள். "வேண்டாங்கண்ணு, இங்கயே நல்லா இருக்கு" என்றார் அம்மா. மகள் வற்புறுத்தவில்லை. நான்கு இடம் மூன்றானது.

ஏழாம் நாள் காலை கொழும்பு. வெயில் ஏறுமுன் சுதந்திரச் சதுக்கத்துக்குப் போனார்கள். அகலமான இடம், மரங்கள் நிறைய. அங்கேதான் வானொலி நிலையம். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. உள்ளே போக அப்பாவும் கேட்கவில்லை. சாலையின் இந்தப் பக்கம் நிழலில் நின்றார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த பெயரை அம்மா சத்தமாக எழுத்துக் கூட்டினார்.

"இ...லங்...கை. இலங்கை. ஒ...லி...பரப்...பு. ஒலிபரப்பு. கூட்டுத்தாபனம்."

"இன்னொரு தடவ படி" என்றார் அப்பா.

அம்மா மறுபடி படித்தார். இந்த முறை நிறுத்தாமல், அறிவிப்பாளர் சொல்வதுபோல. அப்பா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் அவசரப்படுத்தவில்லை. அந்த அரை மணி நேரத்தை மகள் முன்பே திட்டத்தில் எழுதியிருந்தாள்.